பால் சொசைட்டியின் மத்தியான நேரங்கள்

மலையாளப் படத்தில் ஒரு தமிழன் வந்தால் அவன் என்ன வேலை செய்கிறான், ராத்திரி எந்த வீட்டுக்குத் திரும்புகிறான் என்றுதான் முதலில் பார்ப்பேன். தமிழ்ப் படத்தில் மலையாளி வந்தாலும் இதே கணக்குதான். வேலையும் இல்லாமல் வீடும் இல்லாமல், பேச்சை மட்டும் இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டு ஒருவன் வந்து நிற்கிறான் என்றால், சிரிப்பு மூட்டக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சிரித்து முடித்ததும் ஆளைக் காணோம். இந்தக் கோடையில் பார்த்தது, படித்தது எல்லாவற்றையும் கிட்டத்தட்ட இந்த ஒரு தராசில்தான் நிறுத்தேன். எல்லாருக்கும் இது சரியான தராசா என்று கேட்டால், இருக்காது. நான் இருக்கிற இடம் அப்படி.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. சித்தூர் என்றதும் ஆந்திராவா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ரேஷன் கார்டு கேரளத்துடையது, வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். கறுப்பு மண், பனை, தென்னை, மாடு. பாலக்காட்டுக் கணவாய் என்று புத்தகத்தில் படிக்கிறீர்களே, மேற்கு மலைத்தொடர் 30 கி.மீ. அளவுக்கு வாயைத் திறந்து நிற்கிற இடம், அந்த வாய்க்குள்தான் இருக்கிறோம். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தபோது, தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டைப் பக்கமெல்லாம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நாங்கள் இந்தப் பக்கமே இருந்துவிட்டோம். அதற்கும் முன்னால் கொச்சி ராஜாவின் குடிகள். இதில் எங்கள் வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. பொள்ளாச்சிச் சந்தையும் வேண்டும், பாலக்காட்டு ஆபீசும் வேண்டும். படம் பார்க்கும்போதுதான் சில இடங்களில் சுருக்கென்று தைக்கும்.

வேலை பால் சொசைட்டியில். விடிகாலையில் ஒரு தடவை பால் எடுப்போம், மத்தியானம் தாண்டி ஒரு தடவை. நடுவில் இருக்கிற வெயில் நேரம் என்னுடையது. மீன மாதமும் மேட மாதமும், அதாவது பங்குனியும் சித்திரையும், இங்கே 40 டிகிரியைத் தொடுகிற மாதங்கள். மாடே நிழலை விட்டு எழாது, பாலும் குறையும், கணக்கு எழுதவும் அதிகம் இருக்காது. அந்த நேரத்தில் தூங்கலாம். தூக்கம் வராதவன் புத்தகம் படிக்கிறேன், அல்லது அக்கா மகன் டிவியில் போட்டுக்கொடுத்துவிட்டுப் போகிற படத்தைப் பார்க்கிறேன்.

அப்படித்தான் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தை நிஜமாகவே நண்பகலில் பார்த்தேன். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி எடுத்தது, திரைக்கதை எழுதியவர் எஸ். ஹரீஷ். 2023 ஜனவரியில் தியேட்டருக்கு வந்தபோது தவறவிட்டிருந்தேன். வேளாங்கண்ணி போய்விட்டு வேனில் ஊர் திரும்புகிறது ஒரு மலையாளிக் கூட்டம். அதில் ஜேம்ஸ் என்பவர் மம்மூட்டி. தமிழ்ச் சாப்பாடு பிடிக்காது, தமிழ்ப் பாட்டும் பிடிக்காது, எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கிற ஆள். மத்தியானம் எல்லாரும் அசந்து தூங்கும்போது நடுக்காட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். வயலுக்குள் நடந்து ஒரு கிராமத்துக்குப் போய், ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அந்த வீட்டிலிருந்து காணாமல் போன சுந்தரமாகவே ஆகிவிடுகிறார். தமிழ் பேசுகிறார், மாட்டைக் கவனிக்கிறார், பால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். சினிமாவில் மாடு வந்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். கதாநாயகன் மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற நிற்பிலேயே அவனுக்கும் மாட்டுக்கும் பழக்கமில்லை என்று தெரிந்துவிடும். இங்கே தெரியவில்லை. அந்த உடம்பு மாற்றத்தை மம்மூட்டி எங்கேயும் காட்டிக் காட்டிச் செய்யவில்லை. வேட்டி லுங்கியாகிறது, தோள் கொஞ்சம் தளர்கிறது, நடை வேகமாகிறது, அவ்வளவுதான். 2022-ம் வருஷத்துக்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருதும் சிறந்த பட விருதும் இதற்குக் கிடைத்தன. கொடுத்தது சரிதான்.

பழனிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எடுத்திருக்கிறார்கள். தேனி ஈஸ்வர் கேமராவை ஒரு இடத்தில் வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார். ஆட்கள் வருவார்கள், போவார்கள், கேமரா நகராது. பின்னணிக்கென்று இசை கிடையாது. எங்கேயோ ஒரு வீட்டு டிவியிலும் ரேடியோவிலும் ஓடுகிற பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும்தான். எங்கள் தெருவில் மத்தியானம் நடந்தால் இதே சத்தம்தான் கேட்கும். ஒரு வீட்டில் சிவாஜி அழுதுகொண்டிருப்பார், அடுத்த வீட்டில் யாருக்கோ கல்யாணப் பாட்டு ஓடும், ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது. இதை இத்தனை வருஷமாக ஒரு தமிழ் இயக்குநர் ஏன் எடுக்கவில்லை என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

படத்தின் ஆரம்பத்தில் லாட்ஜில் எழுதிப் போட்டிருக்கும் ஒரு குறளுக்கு அர்த்தம் சொல்வார்கள். உறங்குவது போலும் சாக்காடு, உறங்கி விழிப்பது போலும் பிறப்பு. 339-வது குறள். முழுக் கதையும் அதில் இருக்கிறது என்று எல்லாரும் சிலாகித்தார்கள். எனக்கு அது சற்று அவசரப்பட்டுச் சாவியைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. கடைசியில் வைத்திருக்கலாம், அல்லது வைக்காமலேயே விட்டிருக்கலாம்.

என் மனசு நின்றது ஜேம்ஸிடமோ சுந்தரத்திடமோ இல்லை, அந்த இரண்டு பெண்களிடம். புருஷன் காணாமல் போன பூங்குழலி ஒரு பக்கம், புருஷன் கண் முன்னாலேயே வேறு ஆளாகிவிட்டதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சாலி இன்னொரு பக்கம். இருவருக்கும் பேச அதிகம் கொடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஆனாலும் பூங்குழலிக்கு ஒரே ஒரு காட்சி கூடுதலாகக் கொடுத்திருந்தால் படம் கெட்டுப் போயிருக்காது. இதை அக்கா மகனிடம் சொன்னபோது, “மாமா, அவங்க பேசாம இருக்கறதுதான் படமே” என்றான். அவனுக்கு வயது இருபது. பேசாமல் இருக்கிற பெண்களை அவன் வீட்டில் பார்த்ததில்லை, அதனால் ரசிக்கிறான்.

என் மாமியாரும் கூட உட்கார்ந்து பார்த்தார்கள். “பாவம், அந்தப் பொண்டாட்டி வேன்ல பட்டினியா உக்காந்திருக்கா, இந்த மனுசன் இங்க ஊரைச் சுத்தறான்” என்பதுதான் அவர்களுடைய விமர்சனம். நான் படித்த எந்த விமர்சனத்திலும் சாலி சாப்பிட்டாளா என்று யாரும் கேட்கவில்லை.

சுந்தரத்துக்கு வீடு இருக்கிறது, மாடு இருக்கிறது, பால் ஊற்ற வேண்டிய வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள். “இது என் ஊர்” என்று அவன் ஊர்க்காரர்களிடம் சண்டை போடும்போது, அந்தச் சண்டைக்கு நியாயம் கொடுப்பது இவைதான். ஒரு மலையாளி இயக்குநர், ஒரு மலையாள நடிகர், ஒரு தமிழனின் ஒரு நாள் வேலையை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

படம் தந்த உற்சாகத்தில் எங்கள் ஊர் வாசகசாலையில் மலையாள நாவலாசிரியர் தகழியைத் தேடிப் போனேன். கேரளத்துக் கிராமத்து வாசகசாலைகளைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்ல வேண்டும். பி.என். பணிக்கர் 1945-ல் நூலகங்களுக்கென்று சங்கம் வைத்துத் தொடங்கிய வேலை, இன்றைக்கும் ஜூன் 19 அன்று வாசிப்பு தினம் கொண்டாடுகிறார்கள். எங்கள் வாசகசாலையில் தமிழுக்கு ஒரு அலமாரி. அதிலும் பாதி, யாரோ வீடு காலி பண்ணும்போது கொடுத்த மாத நாவல்கள். மீதிப் பாதியில் பொக்கிஷம் இருக்கும், தோண்ட வேண்டும். ‘தோட்டியின் மகன்’ அங்கேதான் கிடைத்தது.

தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-ல் எழுதிய நாவல். ஆலப்புழை நகரத்தில் கக்கூஸ் அள்ளுகிறவர்களின் கதை. சுந்தர ராமசாமி இளவயதில் தமிழுக்குக் கொண்டுவந்தார், வெகுகாலம் கழித்தே அது புத்தகமானது. இந்த விவரமெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரியாதது, அந்த ஜனங்கள் தமிழர்கள் என்பது. இசக்கிமுத்து, அவன் மகன் சுடலைமுத்து, சுடலைமுத்துவின் மனைவி வள்ளி. திருநெல்வேலிச் சீமைப் பெயர்கள். மலையாள நாவல் ஒன்றின் முதல் பக்கத்தில் இசக்கிமுத்து என்று படித்ததும் எனக்கு உடம்பு நிமிர்ந்துவிட்டது. அப்புறம் பக்கம் போகப் போகக் குனிந்தது.

இசக்கிமுத்துவுக்கு உடம்பு முடியாமல் போகிறது. வேலை கையைவிட்டுப் போய்விடக் கூடாதென்று மகன் வாளியும் மம்பட்டியும் எடுக்கிறான். அப்பன் செத்த பிறகு அந்த உடலுக்குக் கிடைக்கிற அடக்கம் இருக்கிறதே, அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், சாப்பிடுவதற்கு முன்னால் வேண்டாம். சுடலைமுத்துவுக்கு ஒரே வைராக்கியம்: தன் பிள்ளை தோட்டியாகக் கூடாது. பிள்ளைக்கு மோகனன் என்று பெயர் வைக்கிறான். தோட்டி மகனுக்கு மோகனனா என்று ஊர் சிரிக்கிறது. சம்பளத்தை மிச்சம் பிடித்து நகரசபைத் தலைவரிடம் கொடுத்துவைக்கிறான். கூட வேலை செய்கிறவர்கள் சங்கம் சேரும்போது அவன் முதலாளிகள் பக்கம் சாய்கிறான்.

இந்த இடம்தான் நாவலின் பலம். தகழி நினைத்திருந்தால் சுடலைமுத்துவை உத்தமனாக்கியிருக்கலாம். ஒடுக்கப்பட்டவனை நல்லவனாகக் காட்டுவது எழுத்தாளருக்குச் சுலபம், படிப்பவருக்கும் சௌகரியம். இவன் தன் கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கிறான், கூடப் பிறந்தவர்களைப் போல இருந்தவர்களைத் தள்ளி நிறுத்துகிறான். எதற்கு? பிள்ளை மேல் அந்த வாடை அடிக்கக் கூடாது என்பதற்கு. அவனை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. வக்கீலாக இருந்தவர் எழுதியது என்பது தெரிகிறது, இரண்டு தரப்பு வாதமும் முழுசாக இருக்கிறது. பணம் என்ன ஆகிறது, மோகனன் என்ன ஆகிறான் என்பதைச் சொல்லமாட்டேன். யூகிப்பது கஷ்டமில்லை.

ஆலப்புழைக்காரர் ஒருவர், தன் ஊரின் மலத்தை அள்ள வெளியூரிலிருந்து வந்தவர்களின் குடிசைக்குள் போய் உட்கார்ந்து, அவர்களுடைய கல்யாணம், கடன், கொள்ளைநோய், பேராசை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். என் தராசில் இதற்கு மேல் எடை காட்டிய புத்தகம் இந்தக் கோடையில் இல்லை. சுதந்திரம் வந்த வருஷத்தில் எழுதியது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதம் கொங்கன்படை என்று ஒரு திருவிழா நடக்கும். படையெடுத்து வந்த கொங்கு ராஜாவைச் சித்தூர்க்காரர்கள் தோற்கடித்த கதை. பகவதியே இறங்கி வந்து சண்டை போட்டாள் என்பார்கள். போர் ஓலை வாசிப்பார்கள், வெடி போடுவார்கள், கொங்கன் தோற்பான். கூட்டத்தில் நின்று குரவை போடுகிறவர்களில் கொங்குத் தமிழ் பேசுகிற எங்கள் ஜனமும் இருக்கும். தோற்கிறவன் நம்ம ஆள்தானே என்று சின்ன வயதில் என் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். “அதுக்கென்ன, வேடிக்கை பார்க்க வந்தோம், பொரி வாங்கிட்டுப் போவோம்” என்றார். சினிமாவில் தமிழனைக் கிண்டல் செய்கிற காட்சி வரும்போதெல்லாம் அப்பாவின் இந்தப் பதில் ஞாபகம் வரும். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை கிடையாது.

அந்த வகைப் படங்களும் சிலவற்றைப் பார்த்தேன். பெயர் சொல்லிப் பயனில்லை, பழைய மலையாளக் காமெடிப் படங்கள், ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. நெற்றி நிறைய விபூதி, மீசை, கந்துவட்டி, ஒரு “அண்ணாச்சி”. தமிழ்ப் பக்கமும் யோக்கியமில்லை. டீக்கடை நாயர், மாந்திரீகம் செய்கிற நம்பூதிரி, ஈரத் தலையோடு குளத்துப் படியேறும் பெண். எங்கள் ஊரில் அசல் மலையாளி டீக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் பேசுவது விவசாயக் கடன் பற்றி.

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தை ஊரே பார்த்தது, நானும் பார்த்தேன். கொடைக்கானல் குணா குகையில் 2006-ல் நடந்த சம்பவம். குழிக்குள் இறங்கிய பிறகு மூச்சு விடவில்லை, அது உண்மை. ‘குணா’ படத்துப் பாட்டு கடைசியில் வருகிற இடத்தில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் குழிக்கு வெளியே நிற்கிற தமிழர்களை நினைத்துப் பாருங்கள். அடிக்கிற போலீஸ், பயமுறுத்துகிற உள்ளூர்க்காரர், கயிறு பிடிக்கிற கூட்டம். ஒருவருக்காவது வீடு இருந்ததா? அந்தப் படத்துக்கு அது தேவையில்லை என்று அக்கா மகன் வாதாடினான். இருக்கலாம். நல்ல படம் என்பதில் எங்களுக்குள் சண்டையில்லை, மறுபடி பார்ப்பேனா என்பதில்தான்.

‘ஒழிமுறி’யை மறுபடி பார்த்தேன். 2012-ல் வந்தது, மதுபால் இயக்கம், எழுதியவர் ஜெயமோகன். தெக்கே கன்னியாகுமரிப் பக்கத்துக் கதை. வயதான காலத்தில் ஒரு பெண் புருஷனிடமிருந்து விவாகரத்து கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறாள். புருஷன் தாணுப் பிள்ளையாக லால். அவருடைய அம்மா காளிப் பிள்ளையாக ஸ்வேதா மேனன். சொத்து தாய்வழியில் போகிற மருமக்கள்தாய முறையில் வளர்ந்த, வீட்டுக்கே அதிகாரியான அம்மா. அவள் தன் புருஷனை நடத்தியதைப் பார்த்து வளர்ந்த மகன், பெண்டாட்டியை அடக்கி வைப்பதுதான் ஆண்மை என்று முடிவு செய்கிறான். எல்லை மாறுகிறபோது நிலமும் சட்டமும் மட்டும் மாறுவதில்லை, ஒரு வீட்டுக்குள் யார் குரல் உயர்த்தலாம் என்பதும் மாறுகிறது என்று இந்த அளவுக்குத் தெளிவாக வேறு எந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை. வசனம் அதிகம்தான். சில காட்சிகளில் பாத்திரங்கள் பேசாமல் கட்டுரை வாசிக்கிறார்கள். காளிப் பிள்ளை வந்ததும் அந்தக் குறையெல்லாம் மறந்துவிடும்.

கசாக்கைப் பற்றிச் சொல்லாமல் பாலக்காட்டுக்காரன் புத்தகக் கட்டுரை எழுத முடியாது, அடிக்க வந்துவிடுவார்கள். ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ 1969-ல் புத்தகமாக வந்தது. யூமா வாசுகி தமிழாக்கியிருக்கிறார், அதற்காகச் சாகித்திய அகாதமியின் மொழிபெயர்ப்பு விருதும் வாங்கினார். விஜயனின் சகோதரி ஓராசிரியர் பள்ளியில் ஆசிரியையாக இருந்த தஸ்ராக்தான் கதையில் கசாக். பாலக்காட்டு டவுனுக்குப் பக்கம். கதையில் பள்ளிக்கூடமாக வருகிற ஞாற்றுப்புரையை நினைவிடமாக்கி வைத்திருக்கிறார்கள். படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன்.

பனையில் காற்று அடிக்கிற சத்தத்தை இந்த மனிதர் எழுதியதுபோல யாரும் எழுதவில்லை. பனங்காட்டுக்குள் பிறந்தவன் சொல்கிறேன். அப்புக்கிளி என்கிற வளராத பிள்ளை, தும்பி பிடித்துக்கொண்டு திரிகிறவன், செத்துப் போனவர்களின் ஞாபகங்கள்தான் தும்பிகள் என்கிற நம்பிக்கை, நல்லம்மா வந்து ஊரை வாரிக்கொண்டு போகிற அம்மை நோய்க் காலம், இவையெல்லாம் எத்தனை தடவை படித்தாலும் பழசாகாது. ஆனால் ரவி? பள்ளிக்கூடம் நடத்த வந்த வாத்தியார். அவருடைய துக்கத்தைப் புத்தகம் ரொம்ப மதிக்கிறது, எனக்கு அவ்வளவு மதிக்கத் தோன்றவில்லை. இருபத்தைந்து வயதில் படித்தபோது ரவியாக இருக்க ஆசைப்பட்டேன். இப்போது, மொல்லாக்காவின் பிழைப்பு என்னாகும் என்றுதான் கவலையாக இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துச் சாப்பிட்ட மனிதர், அரசாங்கப் பள்ளி வந்ததும் எங்கே போவார்?

என் தராசுக்குள் வராத ஒன்று, அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘மதிலுகள்’ படம். எழுத்தாளர் பஷீர் சிறையில் இருந்த கதை, மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிறையிலிருந்து நாராயணி பேசுவாள், முகம் தெரியாது. குரல் கே.பி.ஏ.சி. லலிதாவுடையது. எத்தனை பெரிய நடிகை! அதுதான் சங்கடம். குரல் கேட்டதும் முகம் தெரிந்துவிடுகிறது. மதில் கட்டி என்ன பயன்? புத்தகத்தில் அந்த நாராயணிக்கு நான் ஒரு முகம் வைத்திருந்தேன்.

ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகளைக் கடைசியில் எடுத்தேன். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்து, தமிழைத் தானாகக் கற்று எழுதியவர். 2021 ஜனவரியில் காலமானார். ‘நாயனம்’ கதையில் சாவு வீட்டில் எல்லாரும் நாயனக்காரனுக்காகக் காத்திருக்கிறார்கள். பிணத்தைத் தூக்க வேண்டும், இருட்டிக்கொண்டு வருகிறது, துக்கம் மெல்ல மெல்ல எரிச்சலாக மாறுகிறது. சாவு வீட்டில் பசியோடு நின்றிருக்கிற எவனுக்கும் இது தெரியும். இவர் கதைகளில் யார் தமிழன், யார் மலையாளி என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. எல்லாருக்கும் அன்றைய கூலியை அன்றைக்குச் சம்பாதிக்க வேண்டும்.

நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) பற்றி நீளமாக எழுத ஆசை, ஆனால் முடியாது. இரணியல் செட்டியார் தெரு, உண்ணாமலை ஆச்சி, திரவி, புருஷன் வீட்டிலிருந்து பொய்க் குற்றம் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட அக்கா என்று நூறு பக்கம் போவதற்குள் மாமியார் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அவர்கள் ஆச்சியோடு மத்தியானம் பூராவும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். “இந்தக் கிழவிக்கு வாயைப் பாரு” என்று அறைக்குள்ளிருந்து சத்தம் வருகிறது. கெடு தாண்டிவிட்டது, வாசகசாலைச் சேட்டன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். “அத்தை முடிக்கட்டும் சேட்டா” என்கிறேன். பால் ஊற்ற வருகிறவர்களில் அவரும் ஒருவர், பாலில் ஃபேட் எவ்வளவு வந்திருக்கிறது என்று பேச்சை மாற்றிவிடுகிறேன்.